கூத்து வாத்தியார் பாத்திர வடிவமைப்பு: வேடத்திலும் வெறும் பனியனிலும் ஒரே ஆளாகத் தெரிய என்ன செய்யலாம்?

மைக்கூடு

வணக்கம். படக்கதை ஒன்று தொடங்கியிருக்கிறேன். 1980களில் நடக்கிற கதை. நாயகர் செய்யாறு பக்கத்துக் கூத்து வாத்தியார், அறுபதை ஒட்டிய வயது, துரியோதனன் வேடம் கட்டுபவர். பாதிப் பக்கங்களில் பனியன், லுங்கி, தோளில் துண்டு. மீதிப் பக்கங்களில் முழு வேடம்.

சிக்கல் என்னவென்றால், இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால் இரண்டு வேறு ஆட்களாகத் தெரிகிறார்கள். முகம் முழுக்கச் சிவப்பு பூசி, மீசை எழுதி, கிரீடமும் புஜக்கட்டையும் (தோளில் கட்டுகிற மர அணி) மார்புப் பதக்கமும் ஏறிவிட்டால் உள்ளே யார் இருந்தால் என்ன என்று ஆகிவிடுகிறது. கூத்துக்கு அது பலம். எனக்குத் தலைவலி. "இவர்தானே காலையில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்" என்று வாசகருக்குப் பார்த்த உடனே பிடிபட வேண்டும்.

இதுவரை செய்ததைச் சொல்லிவிடுகிறேன். கிரிட்டா என்கிற வரைகலை மென்பொருளில் ஏ4 அளவு, 300 டிபிஐ, அதாவது 2480 × 3508. முதலில் உள்விவரம் எதுவும் இல்லாமல் அடர்சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன நிழலுருக்கள். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கி, அதன்மேல் தளர்வான கோடுகள், அப்புறம் சுத்தமான கோடு, அதன் கீழே தட்டையான வண்ணம். ஒளியும் நிழலும் இன்னும் போடவில்லை. உருவம் சரியாகாமல் வண்ணத்துக்குப் போக மனசு வரவில்லை.

பிக்சல்பாண்டி

புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு வை. இல்லாவிட்டால் கன்னத்தில் பெரிய மச்சம். வேலை முடிந்தது.

கரித்துண்டு

தழும்பு உதவாது பாண்டி. அரிதாரம் கெட்டியாகப் பூசினால் மச்சம் எங்கே தெரியும்? அதோடு அவர் தூரத்தில் நிற்கிற கட்டங்களில் முகமே ஒரு சிவப்புப் பொட்டாகத்தான் இருக்கும்.

மைக்கூடு, உங்கள் வேலை வரிசையிலேயே ஒன்றை மாற்றிப் பார்க்கச் சொல்வேன். நிழலுரு எடுத்தது சரி. ஆனால் வேடத்துக்கு ஒரு நிழலுரு, பனியனுக்கு ஒரு நிழலுரு என்று தனித்தனியாக எடுத்திருக்கிறீர்கள். அங்கேயே இரண்டு ஆட்கள் பிறந்துவிட்டார்கள். ஒரே உடம்பை, துணியே இல்லாமல், முதலில் வரையுங்கள். அதற்கு மேலே ஒரு லேயர் (அடுக்கு) குழுவில் பனியன் லுங்கி, இன்னொரு குழுவில் வேடம். இரண்டையும் மாற்றி மாற்றி அணைத்துப் போட்டுப் பாருங்கள். கீழே இருக்கிற உடம்பு மாறவே கூடாது.

உடம்பு என்றால் தசைக்கூறு மட்டும் இல்லை. தொழில் உடம்பில் என்ன செய்திருக்கிறது என்று யோசியுங்கள். விடிய விடிய ஆடுகிற ஆள். கனமான கிரீடத்தைத் தலையில் இறுக்கிக் கட்டிப் பழகியவர். அவர் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்தால் கழுத்தை மட்டும் திருப்ப மாட்டார், தோளோடு சேர்ந்து திரும்புவார். டீக்கடையிலும் அப்படியே திரும்பட்டும். கால் இரண்டையும் அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் வெளிப்பக்கமாக வளைத்து நிற்கட்டும். மார்பு நிமிர்ந்திருக்கட்டும், ஆனால் ஒரு தோள் மற்றதைவிட ஒரு விரற்கடை இறங்கி இருக்கட்டும். அந்த இறக்கம் புஜக்கட்டைக்கு மேலேயும் தெரியும், ஏனென்றால் கட்டையும் சேர்ந்து சாய்ந்துவிடும்.

வாசகர் ஆளைக் கண்டுபிடிப்பது நிற்கிற தோரணையில்தான். தெருமுனையில் வருகிற சொந்தக்காரரை முகம் தெரிவதற்கு முன்பே நடையை வைத்துச் சொல்லிவிடுகிறோமே, அது போல.

இரவல்தூரிகை

+1. காதையும் கவனியுங்கள். கிரீடத்தின் பக்கக் கட்டை காதை மறைக்கிற கோணங்கள் உண்டு, ஆனால் தாடை மறையாது. தாடையும் மூக்குத்தண்டும் இரண்டு படத்திலும் ஒரே கோடாக இருக்க வேண்டும். மீசை எழுதினாலும் மேலுதட்டுக்கும் மூக்குக்கும் உள்ள தூரம் மாறாது.

மைக்கூடு

கரித்துண்டு சொன்னபடி உடம்பை ஒரு குழுவாகவும் இரண்டு உடுப்பையும் தனித்தனிக் குழுவாகவும் போட்டேன். வித்தியாசம் உடனே தெரிந்தது. வேடத்தை அணைத்தால் பனியன் போட்ட மனிதர் அதே அகட்டலோடு நிற்கிறார், கொஞ்சம் வேடிக்கையாகவும் கொஞ்சம் பாவமாகவும். கதைக்கு எனக்கு வேண்டியதும் அதுதான். இடது தோள் இறக்கத்தை வைத்துக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம். வண்ணம் கோட்டுக்கு வெளியே போகாமல் இருக்க "இன்ஹெரிட் ஆல்ஃபா" போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை, வண்ணம் எல்லாப் பக்கமும் வழிகிறது. ஏன்?

பிக்சல்பாண்டி

பின்னணி வெள்ளை லேயரும் அதே மட்டத்தில் இருக்கிறதா? கிரிட்டாவில் அந்த வசதி தனக்குக் கீழே அதே குழுவில் இருக்கிற எல்லா லேயரையும் சேர்த்துப் பார்க்கும். வெள்ளைப் பின்னணி தாள் முழுக்க இருப்பதால் "எங்கே வேண்டுமானாலும் பூசலாம்" என்று எடுத்துக்கொள்ளும். தட்டை வண்ண லேயரையும் நிழல் லேயரையும் தனியாக ஒரு குழுவுக்குள் போடு, அப்புறம் நிழலுக்கு ஆல்ஃபா போடு. தட்டை வண்ண லேயரைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் ஷிஃப்ட் ஜி அழுத்தினால் குழுவை அதுவே அமைத்துத் தரும். ஃபோட்டோஷாப்பில் இருந்து வருகிறவர்கள் எல்லோரும் இங்கே ஒருமுறை முட்டிக்கொள்வார்கள்.

வட்டக்களரி

மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். இழையை ஆசையோடு வாசித்தேன். எங்கட பக்கத்து வடமோடிக் கூத்திலும் அரச வேடங்களுக்குக் கரப்புடுப்பு இருக்கிறது. உள்ளே சட்டம் வைத்து விரித்துக் கட்டுகிற உடுப்பு. ஆள் சுழன்று ஆடும்போது அந்த விரிவுதான் முதலில் கண்ணில் படும். எங்கள் களரி வட்டமானது, சனம் சுற்றிவர இருந்து பார்க்கும். ஆகவே உடுப்புக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று ஓரவஞ்சனை இல்லை.

நான் சொல்ல வந்தது, நீங்கள் முன்பக்கத்தை மட்டும் கீறிவிட்டு நிறுத்தவேண்டாம். உங்கள் ஊர்க் கூத்தில் திரை பிடிப்பார்கள்தானே? இரண்டு பேர் துணியைப் பிடித்து நிற்க, வேடக்காரர் பின்னால் நின்று பாடுவார். அந்த நேரம் சபைக்குத் தெரிவது திரைக்கு மேலே கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கை கட்டிய காலும் மட்டும். அந்த இரண்டை மட்டும் வைத்து உங்கள் வாத்தியாரை அடையாளம் காண முடியுமோ என்று பாருங்கள். உருவம் சரியோ பிழையோ என்று அப்போது தெரியும்.

கரித்துண்டு

அருமை வட்டக்களரி. திரைச் சோதனை இனி என் மாணவர்களுக்கும்.

மைக்கூடு, நடுவில் ஒரு செவ்வக லேயர் போட்டு மறைத்துவிடுங்கள். கால் மட்டும் தெரிகிற கட்டத்தில் முழங்கால் வளைவு வேலை செய்கிறதா என்று பாருங்கள். அப்படியே ஒரு தாளில் முன், பக்கம், பின், முக்கால் திருப்பம் நான்கையும் ஒரே உயரக் கோடுகளில் வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் கட்டைகளை இழுத்துக் கட்டுகிற கயிறுகள் தெரிய வேண்டும். நிறையப் பேர் அதை மறந்துவிட்டு, நகைகள் தோளில் தானாக ஒட்டிக்கொண்டது போல் வரைகிறார்கள். முதுகில் முடிச்சு இருந்தால்தான் அது ஒருவர் கட்டிவிட்ட வேடம் என்று தெரியும்.

நாலாம்சாமம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடு எதற்கு? ஏஐயிடம் "தெருக்கூத்துத் துரியோதனன்" என்று கேட்டால் அரை நிமிடத்தில் பத்துப் படம் தருகிறதே.

இரவல்தூரிகை

கேட்டுப் பார்த்திருக்கிறேன். கதகளியின் பச்சை முகம், யட்சகானத்தின் தலைக்கட்டு, சினிமாக் கர்ணனின் கவசம் எல்லாம் ஒரே ஆள்மேல் வந்து உட்கார்ந்தது. பார்க்கப் பளபள என்றுதான் இருந்தது, ஆனால் ஒரு ஊர்க்காரனும் ஒத்துக்கொள்ள மாட்டான். அதைவிட, அடுத்த கட்டத்தில் அதே ஆளை டீக்கடையில் உட்கார வை என்றால் வேறு ஆள் வந்தார். மைக்கூடு கேட்கிற கேள்வியே அதுதானே.

நாலாம்சாமம்

அது சரி. படக்கதைக்கு அது பெரிய குறைதான். ஒற்றைப் படம் என்றால் இன்னும் என் கருத்தில்தான் நிற்கிறேன்.

மைக்கூடு

ஏஐ விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே வைத்துக்கொள்ளலாம்.

திரைச் சோதனையில் கால் தேறிவிட்டது. கிரீட நுனி தேறவில்லை. எந்தக் கிரீடமும் எந்த ஆளுக்கும் பொருந்தும் போல இருக்கிறது. கொஞ்சம் சாய்த்துக் கட்டியது போல் வைத்திருக்கிறேன், தோள் இறக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக. இப்போது பரவாயில்லை.

அடுத்து வண்ணம். தட்டை வண்ணம் போட்டுவிட்டு, வெளிச்ச அளவுகள் சரியா என்று பார்க்கப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினேன். முகத்துச் சிவப்பும், பக்கத்தில் நிற்கிற கிருஷ்ண வேடத்தின் பச்சை முகமும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிட்டன. ஆனால் கண்ணுக்குப் பச்சை எவ்வளவோ வெளிச்சமாகத் தெரிகிறது. யாரை நம்புவது?

ஒளிக்கீற்று

கண்ணை நம்புங்கள். நிறத்தை எடுத்துவிடுகிற டீசாச்சுரேட் பில்டரில் எந்த முறை தேர்வாகியிருக்கிறது? "லைட்னஸ்" ஆக இருந்தால் அது நிறத்தின் மிகப் பெரிய எண்ணையும் மிகச் சிறிய எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடும். அந்தக் கணக்கில் சுத்தச் சிவப்பு, சுத்தப் பச்சை, சுத்த நீலம் மூன்றும் ஒரே சாம்பல்தான். அதே பெட்டியில் "லூமினாசிட்டி" என்று இரண்டு வகை இருக்கும். 709 எண் போட்டதை எடுங்கள். அது மனிதக் கண் பார்க்கிற விதத்தை ஒட்டிய கணக்கு: வெளிச்சத்தில் பச்சையின் பங்கு சுமார் 72 சதம், சிவப்பு 21, நீலம் வெறும் 7.

இதன் பொருள், உங்கள் துரியோதனன் முகம் நீங்கள் நினைப்பதைவிட இருட்டானது. சிவப்பு கண்ணைப் பறிக்கும், ஆனால் வெளிச்சமாக இருக்காது. அதன்மேல் கறுப்பில் மீசையும் புருவமும் எழுதினால் சிறிய கட்டங்களில் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாகிவிடும். ஒப்பனையில் கண்ணைச் சுற்றியும் மீசை ஓரத்திலும் வெள்ளைப் புள்ளியும் கோடும் வைக்கிறார்கள் அல்லவா? அதை அழகுக்கு மட்டும் என்று விட்டுவிடாதீர்கள். சிவப்பையும் கறுப்பையும் பிரித்துக்காட்டுவது அந்த வெள்ளைதான். விளக்கு வெளிச்சத்தில் கடைசி வரிசைக்கும் கண் அசைவு தெரிய வேண்டும் என்று ஒப்பனைக்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்த வழி. கறாராகப் பின்பற்றுங்கள்.

மைக்கூடு

லைட்னஸில்தான் இருந்தது! மாற்றிவிட்டேன். இப்போது முகம் நன்றாகவே இருட்டாகத் தெரிகிறது. வெள்ளைக் கோடுகளைக் கொஞ்சம் தடிப்பாக்குகிறேன்.

ஒளிக்கீற்று

அப்படியே வெளிச்சத்தையும் பேசிவிடலாம். 1980கள் என்கிறீர்கள், அப்படியானால் பெட்ரோமாக்ஸ் வைக்கலாம். அது சின்ன இடத்தில் இருந்து வருகிற கடுமையான வெளிச்சம். நிழலின் விளிம்பு கத்தி போல விழும், மழுங்கல் தூரிகையை அங்கே எடுக்கவே வேண்டாம். விளக்கில் இருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகக் குறையும். எனவே விளக்குப் பக்கத்துக் கன்னம் ஒளிரும்போது பின்னால் பெஞ்சில் இருக்கிற ஆர்மோனியக்காரர் பாதி இருட்டில் போய்விடுவார். தூக்கிக் கட்டிய விளக்கு என்றால் கிரீடமும் தோளும் வெளிச்சத்தில் இருக்கும், பாவாடை விளிம்பும் பாதமும் மங்கும்.

நிழலுக்கு எல்லோரும், கீழே இருக்கிற நிறத்தை இருட்டாக்குகிற மல்டிப்ளை லேயரில் சாம்பலோ ஊதாவோ போட்டு முடித்துவிடுகிறார்கள். சிவப்பு முகத்தின்மேல் சாம்பல் மல்டிப்ளை போட்டால் காய்ந்த ரத்தம் போல அழுக்காகிவிடும். அடர் மெரூன் பக்கம் போங்கள்.

கரித்துண்டு

பனியன் படத்தின் தோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது போட்டிருக்கிற பழுப்பு நிறம், வெளிர் தோல் வண்ணத்தோடு கறுப்பைக் கலந்தது போல இருக்கிறது. வெயிலில் நிற்கிற கறுத்த தோல் அப்படி இருக்காது. நடுப்பகுதி நல்ல செம்பழுப்பு. வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற இடத்தில் நிறம் இன்னும் செழிப்பாகும். பளபளப்பு மட்டும் தோலின் நிறத்தில் வராது, ஒளியின் நிறத்தில் வரும். வெளியில் என்றால் நெற்றியிலும் தோள்பட்டையிலும் வானத்து நீலம் லேசாக அடிக்கும். கறுத்த தோலில் அந்தப் பளபளப்புத் துலக்கமாகத் தெரியும், வெட்கப்படாமல் வையுங்கள்.

வேடத்தில் இதற்கு நேர்மாறு. பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசிய முகத்துக்கு வேறு விதமான மினுக்கம், தோலின் நுணுக்கம் எல்லாம் அடியில் மறைந்துவிடும். ஆனால் விடிகாலையில் வியர்வை இறங்கிக் கழுத்தோரத்தில் பூச்சு பிரிந்து, உள்ளே இருக்கிற பழுப்பு தெரியும் பாருங்கள், அந்த ஓரம்தான் உங்கள் கதைக்குப் பொன். இரண்டு ஆட்களும் ஒரே கட்டத்தில் சந்திக்கிற இடம் அதுதான். நள்ளிரவுப் பக்கங்களில் பூச்சு முழுசாக இருக்கட்டும், விடிய விடிய கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியட்டும்.

மைக்கூடு

இதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கதை முடிவதும் துரியோதனன் சாகிற கூத்தான பதினெட்டாம் போர் ஆடி, காலையில் அவன் விழுகிற படுகளத்தில்தான். தரையில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் படுத்திருக்க, அதன் பக்கத்தில் பூச்சு பிரிந்த வாத்தியார். அங்கே பெட்ரோமாக்ஸ் கிடையாது, சாய்வான காலை வெயில்.

செதுக்குஉளி

தாமதமாக வருகிறேன். படக்கதைக்காரன் என்ற முறையில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். இந்த ஆளை எத்தனை தடவை வரையப் போகிறீர்கள்? கிரீடத்தில் இருக்கிற ஒவ்வொரு கண்ணாடித் துண்டையும் ஒவ்வொரு கட்டத்திலும் வரைந்தால் கதை முடிவதற்குள் கை போய்விடும்.

நகைக்கு மூன்று நிலை வைத்துக்கொள்ளுங்கள். முகம் பெரிதாக வருகிற கட்டத்துக்கு முழு விவரம்: கண்ணாடி, ஜிகினாத் தாள், விளிம்பு வண்ணம் எல்லாம். இடுப்பு வரை தெரிகிற கட்டத்துக்குப் பெரிய கண்ணாடிகள் மட்டும், மற்றதெல்லாம் பட்டை பட்டையாக. முழு உருவமும் சின்னதாகத் தெரிகிற கட்டத்துக்கு வெளிவிளிம்பும் நாலைந்து ஒளிப்புள்ளியும் போதும். மூன்றையும் வடிவமைப்புத் தாளிலேயே வரைந்து ஒட்டி வையுங்கள். பக்கம் போடும்போது யோசிக்கக் கூடாது.

கண்ணாடியை வெள்ளையாக நிரப்பாதீர்கள். கண்ணாடி எதிரே இருப்பதைத்தான் காட்டும். இரவில் எதிரே இருப்பது இருட்டு. அதனால் பெரும்பாலான துண்டுகள் கறுப்பு, விளக்குக்கு நேரே சாய்ந்திருக்கிற ஒன்றிரண்டு மட்டும் சுளீர் வெள்ளை. ஆள் திரும்பினால் வேறு துண்டுகள் ஒளிரும். ஆட்டம் நடக்கிற மாதிரித் தெரிய இதைவிட மலிவான வழி இல்லை.

பிக்சல்பாண்டி

கிரீடத்துக்கு மிரர் கருவி போட்டால் ஒரு பக்கம் வரைந்தாலே மறுபக்கம் வந்துவிடும் என்று சொல்ல வந்தேன்.

செதுக்குஉளி

முன்பக்கப் படத்துக்கு அடித்தளம் போட மட்டும் வைத்துக்கொள் பாண்டி. மரத்தில் கையால் செதுக்கிக் கண்ணாடி ஒட்டிய சாமான் அது, வலமும் இடமும் அச்சுப் பிசகாமல் இருந்தால் பிளாஸ்டிக் பொம்மைக் கிரீடமாகிவிடும். மிரரில் வரைந்துவிட்டு, அதை நிறுத்திவிட்டு, ஒரு பக்கத்தைக் கையால் கலைத்துவிடு. அங்கங்கே ஒரு துண்டு உதிர்ந்த இடத்தையும் காட்டு. பழைய செட்டு என்று தெரியும்.

அதைவிட எம் விசையை அடிக்கடி தட்டு. முழுப் படமும் இடம் வலம் மாறித் தெரியும், கோப்பு மாறாது. ஒரு கண் இறங்கியிருப்பதெல்லாம் அப்போது பல்லைக் காட்டும்.

இரவல்தூரிகை

ஒரு கேள்வி மைக்கூடு. முகத்துக்கு யாருடைய புகைப்படத்தையாவது பார்த்து வரைகிறீர்களா? தாடை அவ்வளவு குறிப்பாக இருக்கிறது.

மைக்கூடு

ஒரே ஆள் இல்லை. மூக்கு ஒரு உறவினருடையது, தாடை இன்னொருவருடையது, நிற்கிற விதம் திருவிழாவில் பார்த்த பல கலைஞர்களுடையது. புகைப்படம் எடுத்த இரண்டு பேரிடம் படக்கதைக்காக என்று சொல்லி அனுமதி வாங்கியிருக்கிறேன். அப்படியே ஒருவரின் முகத்தை எடுத்து வைப்பதாக இல்லை. கதையில் வாத்தியார் கடன் வாங்குகிறார், குடிக்கிறார், மகனோடு சண்டை போடுகிறார். நிஜ ஆளின் முகத்தில் அதையெல்லாம் ஏற்ற முடியாது.

வட்டக்களரி

அது நல்ல முடிவு. ஊரில் ஆட்களுக்கு முகம் உடனே பிடிபட்டுவிடும். பிறகு அண்ணாவியார்மாருக்கு (எங்கட கூத்து வாத்தியார்மார்) முன்னால் போய் நிற்க ஏலாது.

மைக்கூடு

இன்று முடித்த நிலை: நான்கு கோணத் தாள் தயார், இரண்டு உடுப்பும் ஒரே உடம்பின் மேல். நகைக்கு மூன்று நிலைகளும் தனித்தாளில். பின்பக்கக் கயிறு முடிச்சுகளைப் போட்டுவிட்டேன். கழுத்தோரப் பூச்சுக்கு மூன்று படிகள் வைத்திருக்கிறேன்: முழுசு, லேசாக வியர்த்தது, காலை. இரவு ஒளிக்கு ஒரு வண்ணத் தட்டு, படுகளத்துக்கு ஒன்று. இடது தோள் இறக்கம் எல்லாக் கோணத்திலும் சரியாக வருகிறதா என்று மட்டும் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். பின்பக்கப் படத்தில் சந்தேகமாக இருக்கிறது.

கரித்துண்டு

பின்பக்கத்தில் நீங்கள் வலது தோளை இறக்கியிருக்கிறீர்கள். முன்பக்கத்தைப் பிரதி எடுத்து அதன்மேல் வரைந்திருப்பீர்கள். இறங்க வேண்டியது தாளின் இடப்பக்கத்தில் இருக்கிற தோள். கிரீடச் சாய்வையும் சேர்த்து மாற்றுங்கள், அதுவும் எதிர்ப்பக்கம் போயிருக்கிறது. மற்ற மூன்று கோணமும் சரி.